யாருக்கு வேணும், யார் வாறது: போர்த்துக்கேய மொழியின் கொன்ஜுன்தீவொ

1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர், 1658 இல் கோட்டையை ஒல்லாந்தரிடம் விட்டுப் போனார்கள். அவர்களுடைய சொற்கள் போகவில்லை. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, குசினி என்று எங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. அத்தனையும் பெயர்ச்சொற்கள். அதனால் குருநகரில் என் வீட்டு விறாந்தையில் போர்த்துக்கேயம் படிக்க வருகிறவர்களுக்குத் தொடக்கம் இனிப்பாக இருக்கிறது. வினைச்சொல்லுக்கு வந்ததும் முகம் மாறுகிறது. கொன்ஜுன்தீவொ என்ற வினைவடிவத்துக்கு வந்தால், "ரீச்சர், இதை விட்டிட்டு அடுத்த பாடத்துக்குப் போகேலாதா?" என்று கேட்கிறார்கள்.

போகேலாது. ஏன் என்பதற்குப் பாசையூரில் இருந்து வரும் ஒரு அம்மாவைச் சொல்கிறேன். மகன் போர்த்துக்கலில், போர்த்தோ நகரில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வராது. "எனக்குச் சோதினை ஒண்டும் வேண்டாம் பிள்ளை, அதுகளோட நாலு வார்த்தை கதைக்க வேணும்" என்றார். என்ன கதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். வடிவாச் சாப்பிட வேணும், நல்லா நித்திரை கொள்ள வேணும், ஓடித் திரியாதை, ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். அவர் சொன்ன நாலும் கொன்ஜுன்தீவொ! சாதாரண நிகழ்கால வினையை மட்டும் படித்துவிட்டு அந்த அம்மாவால் தன் பேரனிடம் எதைச் சொல்ல முடியும்? நீ சாப்பிடுகிறாய், நீ ஓடுகிறாய் என்று அவனுக்குத் தெரிந்ததையே சொல்லலாம். விருப்பம், கவலை, வாழ்த்து, தடை என்று ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்காகப் பேசுவது முழுக்க இந்த வினைவடிவத்தில்தான் இருக்கிறது. பாடத்திட்டம் பின்னால் வைத்திருந்தாலும் நான் இதை முன்னுக்கே கொண்டு வருகிறேன்.

போர்த்துக்கலில் இதன் முழுப்பெயர் 'ப்ரெஸேன்தெ தொ கொன்ஜுன்தீவொ'. பிரேசிலில் 'ஸுப்ஜுன்தீவொ' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

வாசிக்க முன் ஒரு குறிப்பு. போர்த்துக்கேயச் சொற்களை அங்கு எழுதுகிற எழுத்தை ஒட்டித் தமிழில் தருகிறேன், ஏனென்றால் இந்தப் பாடத்தில் கடைசி உயிரெழுத்துத்தான் எல்லாம். பேசும்போது கடைசி 'ஒ' கிட்டத்தட்ட 'உ' ஆகும். லிஸ்பன் பேச்சில் கடைசி 'எ' பாதி விழுங்கப்படும். சொல்லின் கடைசியில் வரும் 'ம்' உதட்டை மூடுகிற ம் அல்ல, மூக்கால் விட வேண்டியது. 'நாவ்' என்று நான் எழுதும் மறுப்புச் சொல்லும் மூக்கால்தான் வரும்.

செய்முறை

'நான்' வடிவத்தில் தொடங்குங்கள், அகராதி வடிவத்தில் அல்ல. 'ஃபலார்' என்றால் பேசுதல். நான் பேசுகிறேன் என்பது 'ஃபாலொ'. கடைசி ஒ-வை வெட்டுங்கள். அகராதியில் 'ஆர்' என முடிகிற வினை என்றால் எ போடுங்கள்: 'ஃபாலெ'. 'ஏர்', 'ஈர்' என முடிகிற வினை என்றால் அ போடுங்கள்: 'கொமேர்' (சாப்பிடுதல்), 'கோமொ', 'கோம'. 'அப்ரீர்' (திறத்தல்), 'ஆப்ரொ', 'ஆப்ர'.

சாதாரண நிகழ்காலத்தில் அவர் பேசுகிறார் என்பது 'ஃபால', அவர் சாப்பிடுகிறார் என்பது 'கோமெ'. அதாவது அ இருந்த இடத்துக்கு எ வருகிறது, எ இருந்த இடத்துக்கு அ வருகிறது. வேறொன்றும் இல்லை. காது பழகும்வரை இந்த மாற்றம் கேட்காது. பழகியபின் கேட்காமல் விடாது.

ஆட்களுக்கு ஏற்ப:

நான்: ஃபாலெ, கோம
நீ: ஃபாலெஷ், கோமஷ்
அவர், நீங்கள்: ஃபாலெ, கோம
நாங்கள்: ஃபலேமொஷ், கொமாமொஷ்
அவர்கள்: ஃபாலெம், கோமம்

'வோஷ்' என்ற பழைய பன்மை முன்னிலையை விட்டுவிட்டேன். கோயிலில் கேட்பீர்கள், கடையில் அநேகமாகக் கேட்க மாட்டீர்கள்.

'நான்' வடிவத்தில் தொடங்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முரண்டு பிடிக்கிற வினைகளில் பெரும்பாலானவை அங்கேதான் உருமாறுகின்றன. 'தேர்' (வைத்திருத்தல்) நான் வடிவத்தில் 'தேஞொ', ஆகவே 'தேஞ'. 'ஃபஸேர்' (செய்தல்) 'ஃபாஸொ', 'ஃபாஸ'. 'திஸேர்' (சொல்லுதல்) 'தீகொ', 'தீக'. 'வீர்' (வருதல்) 'வேஞொ', 'வேஞ'. 'பொதேர்' (இயலுதல்) 'பொஸ்ஸொ', 'பொஸ்ஸ'. 'த்ரஸேர்' (கொண்டு வருதல்) 'த்ராகொ', 'த்ராக'. 'தொர்மீர்' (நித்திரை) 'தூர்மொ', 'தூர்ம'. நான் வடிவத்தைச் சரியாகப் படித்தவருக்கு இதில் மனப்பாடம் ஒன்றுமில்லை.

அப்போ உண்மையில் விதிக்கு அடங்காதவை எவை? நான் வடிவம் தனி ஒ-வில் முடியாத வினைகளைத் தேடுங்கள். 'ஸோ', 'எஷ்தோ', 'தோ', 'வோ' என்று நாலு. 'ஸேய்', 'ஏய்' என்று இரண்டு. வெட்ட ஒ இல்லாததால் இந்த ஆறும் தனி வழி போகின்றன:

ஸேர் (இருத்தல், இயல்பாக): ஸேஜ
எஷ்தார் (இருத்தல், இப்போது): எஷ்தேஜ
தார் (கொடுத்தல்): தே
ஈர் (போதல்): வா
ஸபேர் (அறிதல்): ஸாய்ப
அவேர் (உண்டு என்னும் பொருளில்): ஆஜ

ஏழாவதாக 'கெரேர்' (விரும்புதல்). நான் வடிவம் 'கேரொ' என்று ஒழுங்காக இருந்தும் 'கேய்ர' என்று மாறுகிறது. இந்த ஏழையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். போதல் என்பதன் வடிவம் எங்கள் காதில் 'வா' என்று விழுவதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எழுதும்போது ஒன்று: 'ஃபிகார்' (தங்குதல்), 'ஷெகார்' (வந்து சேர்தல்) போன்ற சொற்களில் 'ஃபீகெ', 'ஷேகெ' என்று ககர ஒலி அப்படியே இருக்கும். அந்த ஒலியைக் காப்பாற்ற ரோம எழுத்தில் சீ-க்குப் பதிலாகக் க்யூவும் யூவும், ஜீ-க்குப் பின்னால் ஒரு யூவும் வரும். பேச்சில் எந்த வித்தியாசமும் இல்லை.

இரண்டு கேள்விகள்

எங்கள் ஆட்கள் தடுக்கி விழுகிற இடம் விகுதி அல்ல, வாக்கியம். 'நீ வரவேணும்' என்று தமிழில் சொல்கிறோம். விரும்புகிறவர் வாக்கியத்தில் இல்லை. கேட்கிறவருக்கு அது விளங்கும். போர்த்துக்கேயத்தில் விரும்புகிறவரையும் வருகிறவரையும் தனித்தனியாக வினையில் காட்ட வேண்டும். ஆகவே வாயைத் திறக்க முன் கேளுங்கள்: யாருக்கு வேணும்? யார் வாறது?

எனக்கு வேணும், நீ வாறாய். ஆள் இரண்டு. நடுவில் இரண்டையும் இணைக்கும் 'கெ' போட்டு, பின்னால் கொன்ஜுன்தீவொ: 'கேரொ கெ வேஞஷ்'.

எனக்கு வேணும், நான்தான் வாறேன். ஆள் ஒன்று. அப்போது அகராதி வடிவமே போதும்: 'கேரொ வீர்'.

எங்கள் 'வர' என்ற எச்சம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே நிற்பதால், நீ வரவேணும் என்பதையும் அகராதி வடிவத்தில் சொல்லிவிடுகிறார்கள். இந்த இரண்டு கேள்வியும் பழகினால் அந்தப் பிழை நின்றுவிடும். பாசையூர் அம்மா இப்போது தொலைபேசியில் சொல்வது இது: 'கேரொ கெ கோமஷ் பேம்.' நல்லாச் சாப்பிட வேணும். 'எஷ்பேரொ கெ தூர்மஷ் பேம்.' நல்லா நித்திரை கொள்ளுவாய் எண்டு நம்பியிருக்கிறன். 'நாவ் கோர்ரஷ்!' ஓடாதை. 'கெ தேவ்ஷ் தெ க்வார்தெ.' ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். முன்னால் 'விரும்புகிறேன்' என்று எதுவும் இல்லை. வெறும் 'கெ', பிறகு வினை. எங்கள் 'அட்டும்' விகுதி செய்கிற வேலை அப்படியே. நல்லா நடக்கட்டும் என்பதற்கு 'கெ கோர்ர பேம்' என்று பரீட்சைக்குப் போகிறவரிடம் சொல்வார்கள். 'ஆஜ ஸவூதெ' என்றால் சுகம் இருக்கட்டும்.

நடந்தது தெரிந்தும் ஏன் இந்த வடிவம்?

இந்த இடத்தில் மெதுவாகப் போக வேண்டும். கொன்ஜுன்தீவொவை 'நிச்சயமில்லாததைச் சொல்லும் வினை' என்று விளக்குவது வழக்கம். நானும் அந்த விளக்கத்தோடுதான் படித்தேன். ஆசை, சந்தேகம் வரை அது உதவும். பிறகு இப்படி ஒரு வாக்கியம் வரும்: 'எ பேன கெ ஒ தெவ் பாய் நாவ் எஷ்தேஜ கா.' உன்ர அப்பா இஞ்சை இல்லாதது கவலை. அப்பா இல்லை. அதில் என்ன நிச்சயமின்மை? இன்னொன்று: 'எ போம் கெ எஷ்தேஜஷ் அக்கீ.' நீ இஞ்சை இருக்கிறது நல்லது. கேட்கிறவர் எனக்கு முன்னால்தானே நிற்கிறார்?

எனக்கு இது தெளிந்தது கேள்வியை மாற்றியபோதுதான். நடந்ததா இல்லையா என்று கேட்கக் கூடாது. நான் இதைச் செய்தியாகச் சொல்கிறேனா என்று கேட்க வேண்டும். செத்த வீட்டில் போய், அவர் இல்லாமல் போனது பெரிய இழப்பு என்கிறோம். அவர் இல்லை என்பதை அறிவிக்க அங்கு போகவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் சொல்ல வந்தது இழப்பு. அந்த இழப்பு சாதாரண வினையில் நிற்கும். தெரிந்த விடயம் கொன்ஜுன்தீவொவில் பின்னால் வரும்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். 'ஆஷொ கெ எலெ வேம்.' அவன் வருவான் எண்டு நினைக்கிறன். இங்கே அவன் வருகையை நான் முன்வைக்கிறேன், ஆகவே சாதாரண வினை. 'நாவ் ஆஷொ கெ எலெ வேஞ.' வருவான் எண்டு நினைக்கேல்லை. இப்போது அந்த வருகையை நான் முன்வைக்கவில்லை, கொன்ஜுன்தீவொ. 'துவீதொ கெ' (சந்தேகப்படுகிறேன்) என்பதற்குப் பின்னும் அதே காரணம். 'தல்வேஷ்' என்ற 'ஒருவேளை' வினைக்கு முன்னால் வந்தால் 'தல்வேஷ் வேஞ'.

'எம்போர' என்ற சொல்லும் இப்படித்தான் பிடிபடும். குருநகர்ச் சந்தையில் மீன் விலை என்பது ஊருக்கே தெரிந்தது. 'ஒ பேய்ஷெ எ காரொ, மஷ் கோம்ப்ரொ' என்றால் மீன் விலை, ஆனால் வாங்குகிறேன். இரண்டையும் செய்தியாகச் சொல்கிறேன், இரண்டும் சாதாரண வினை. 'எம்போர ஒ பேய்ஷெ ஸேஜ காரொ, கோம்ப்ரொ' என்றால் விலை கூடவா இருந்தாலும் வாங்குறன். விலையை ஒத்துக்கொண்டு பின்னால் தள்ளிவிட்டு, வாங்குவதைச் சொல்கிறேன். மீன் அதேதான், விலையும் அதேதான், 'எ' மட்டும் 'ஸேஜ' ஆகிறது.

ஒரு விலக்கு: 'அயின்த பேம் கெ' (நல்லகாலம் என்று நாங்கள் தொடங்குவோமே, அது) சாதாரண வினையையே எடுக்கும். அதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டியதுதான்.

படலையைக் காட்ட முடியுமா?

'கிணறு இருக்கிற வீடு' என்று தமிழில் ஒரே மாதிரிச் சொல்கிறோம். இருக்கும் வீட்டையும் அப்படித்தான் சொல்வோம், தேடும் வீட்டையும் அப்படித்தான். போர்த்துக்கேயம் பிரிக்கும். என் வகுப்பில் நான் கேட்பது: எந்த ஒழுங்கை, எந்தப் படலை என்று காட்ட முடியுமா? முடியும் என்றால் சாதாரண வினை: 'தேஞொ ஊம காஸ கெ தேம் போஸொ', கிணறு உள்ள வீடு என்னிடம் உண்டு. இன்னும் எந்தப் படலையும் தெரியாமல் தேடுகிறேன் என்றால்: 'ப்ரொகூரொ ஊம காஸ கெ தேஞ போஸொ.' வீடு தேடுகிறவரும் வேலைக்கு ஆள் தேடுகிறவரும் முதலில் பேச வேண்டிய வாக்கியம் இது.

மரியாதைக்கும் இதுதான்

லிஸ்பனில் வேலை செய்த காலத்தில் கடை வாசலில் நான் அதிகம் கேட்டது 'தீக' என்பதுதான். சொல்லுங்கோ, என்ன வேணும் என்ற அர்த்தம். 'என்த்ரெ', உள்ளுக்கு வாங்கோ. 'ரெபீத, போர் ஃபவோர்', திரும்பச் சொல்லுங்கோ. 'ஃபாலெ மாய்ஷ் தெவகார்', மெதுவாக் கதையுங்கோ. நீங்கள் என்று மதித்துப் பேசும் ஏவல் எல்லாமே கொன்ஜுன்தீவொ. நீ என்று பேசும்போது ஏவலுக்கு வேறு வடிவம், 'ஃபால'. ஆனால் மறுத்தால் மறுபடி இதுவே: 'நாவ் ஃபாலெஷ்'. போர்த்துக்கல் குடியுரிமைக்காக ஏ2 என்ற அடிப்படை மட்ட மொழிப் பரீட்சை எழுதப் போகிறவர்கள் வேறொன்றும் படிக்காவிட்டாலும் இந்தப் பந்தியைப் படியுங்கள். வாய்மொழிப் பரீட்சையில் கேள்வி விளங்காவிட்டால் மரியாதையாகத் திரும்பக் கேட்க அது போதும்.

இணைப்புச் சொற்களில் எப்போதும் கொன்ஜுன்தீவொ கேட்பவை: 'பார கெ' (ஆகும்படி), 'அன்தெஷ் கெ' (முன்னம்), 'ஸேம் கெ' (ஆகாமல்), 'காஸொ' (ஒருவேளை அப்படியானால்), 'மேஷ்மொ கெ' (ஆனாலும்), 'அ நாவ் ஸேர் கெ' (ஆனாலொழிய).

இனிப் பொறி. 'க்வான்தொ' (எப்போது), 'ஸெ' (ஆல் விகுதி) இரண்டும் வரப்போகும் காரியத்தைச் சொல்லும்போது இந்த நிகழ்கால வடிவத்தை எடுக்கா. அவற்றுக்கு எதிர்கால கொன்ஜுன்தீவொ என்று தனியாக ஒன்று உண்டு: நீ வந்து சேரும்போது, 'க்வான்தொ ஷெகாரெஷ்', நீ வந்தால், 'ஸெ வியேரெஷ்'. 'காஸொ' என்பதும் 'ஸெ' என்பதும் தமிழில் ஒரே 'ஆல்' ஆகிவிடுவதால் இந்தக் குழப்பம் எங்களுக்கு இயல்பு. 'காஸொ வேஞஷ்', ஆனால் 'ஸெ வியேரெஷ்'. இரண்டையும் சோடியாகப் படியுங்கள்.

மனதில் பதிய ஒரு வழி

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நான் கர்த்தர் கற்பித்த செபத்தையே தருகிறேன். போர்த்துக்கேயத்தில் அடுத்தடுத்து மூன்று: 'ஸான்திஃபிகாதொ ஸேஜ ஒ வோஸொ நோமெ, வேஞ அ நோஷ் ஒ வோஸொ ரேய்னொ, ஸேஜ ஃபேய்த அ வோஸ வொன்தாதெ.' தமிழில் போற்றப்பெறுக, வருக, நிறைவேறுக. மூன்று இடத்திலும் எங்கள் வியங்கோள், மூன்று இடத்திலும் அவர்களுடைய கொன்ஜுன்தீவொ. பள்ளிக்கூடத்தில் வியங்கோள் வினைமுற்று என்று படித்த எவருக்கும் இது புது மனநிலை அல்ல. வாழ்க என்று ஒருவரை வாழ்த்தும்போது எந்த மனநிலையில் இருக்கிறோமோ அதே மனநிலைதான். செபம் தெரியாதவர்கள் 'வீவ' என்பதை எடுத்துக்கொள்ளலாம். வாழ்க என்பதே அது.

மட்டக்களப்புப் பறங்கியர் சிலர் இன்றும் பேசும் போர்த்துக்கேயக் கிரியோலில் (கலப்பு மொழியில்) ஆளுக்கு ஆள் வினை விகுதி மாறுவதில்லை. அங்கு உறவினர் உள்ளவர்கள் அதைக் கேட்டுப் பழகியிருந்தால் சொற்களுக்கு உதவும், இந்தப் பாடத்துக்கு உதவாது.

பயிற்சிக்கு அச்சிட்ட வாக்கியங்களைவிட உங்கள் வீட்டுப் பேச்சைத்தான் நான் நம்புகிறேன். ஒரு நாள் முழுக்க 'வேணும்', 'அட்டும்', 'ஆதை', 'முன்னம்' என்று நீங்கள் சொன்னவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். மாலையில் இரண்டு கேள்வியையும் போட்டு மாற்றுங்கள். தொடங்கி வைக்க, கடந்த வகுப்பில் வந்தவை சில:

நீங்கள் எங்கட வீட்டை வரவேணும்.
மழை வரமுன்னம் உடுப்பை எடு.
தமிழ் கதைக்கிற ஒரு டொக்டரைத் தேடுறன்.
அவள் சுகமா இருக்கிறது எனக்குச் சந்தோசம்.
எனக்கு நித்திரை கொள்ள வேணும்.

விடைகள், எழுதிய பிறகு பார்க்க:

கேரொ கெ வேஞ அ நோஸ காஸ.
ரெகோல்யெ அ ரோப்ப அன்தெஷ் கெ ஷோவ.
ப்ரொகூரொ உம் மேதிகொ கெ ஃபாலெ தாமில்.
எஷ்தோ கொன்தேன்தெ கெ எல எஷ்தேஜ பேம்.
கேரொ தொர்மீர்.

ஐந்தாவதில் 'கெ' போட்டிருந்தால், யாருக்கு வேணும், யார் நித்திரை கொள்ளுறது என்று மறுபடி கேட்டுப் பாருங்கள்.